பிரிக்க முடியாத பொட்டலம்

பார்சல் கிடங்கில் நாள்பட வேலை செய்பவர்களுக்கு ஒரு வியாதி வரும். கையில் எதைக் கொடுத்தாலும் சுற்றி ஒட்டிவிடுவார்கள். நத்தையின் அம்மாவுக்கு அது கொஞ்சம் முற்றிப் போயிருந்தது. வீட்டில் சர்க்கரை டப்பாவின் மூடிக்கு டேப், சாரல் அடித்தால் ஜன்னல் இடுக்குக்கு டேப், புருஷனின் செருப்பு வாயைப் பிளந்தால் அதற்கும் டேப். கிடங்கில் கண்ணாடிச் சாமான் வந்து இறங்கினால் மேற்பார்வையாளர் வேறு யார் கையிலும் அதைக் கொடுக்க மாட்டார். அவள் கட்டின பெட்டியை லாரியிலிருந்து உருட்டிவிட்டாலும் உள்ளே இருக்கிற தம்ளருக்குத் தூக்கம் கலையாது என்று அங்கே ஒரு பேச்சு. அதைக் காதில் வாங்காதவள் போலத்தான் இருப்பாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

நத்தை என்பது மகளுக்குத் தாய்மாமன் வைத்த பேர். பள்ளிக்கூடத்தில் மணியடித்த பிறகுதான் அந்தப் பெண் தெருமுனையைத் தாண்டும். இரண்டு வருஷமாக அவள் இளைஞர் மன்றத்தில் இருந்தாள். அங்கே விருது என்பது ஒரே நாளில் ஓடி ஜெயித்து வாங்குகிற கோப்பை அல்ல. கொஞ்சம் கொஞ்சமாக உழைத்துச் சேர்ப்பது. விடாமல் ஒரு தொண்டு, ஒரு கைத்தொழில், ஒரு விளையாட்டு. கடைசியாகக் கூட்டாளிகளோடு, பெரியவர்கள் துணையில்லாமல், ஒரு ராத்திரி வழியில் தங்கி மலை தாண்டி வர வேண்டும். எல்லாம் தேறினால் வெள்ளி விருது. அது கையில் இருந்தால் நர்ஸ் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைப்பது சுலபம்.

தொண்டுக்கு நத்தை முதியோர் இல்லத்தில் நகம் வெட்டுகிற வேலையை எடுத்துக்கொண்டாள். வயதானவர்களின் கால் நகம் தடித்து வளைந்து கிடக்கும். வெந்நீரில் ஊறவைத்து, ஓரம் ஓரமாக, பதறாமல் வெட்ட வேண்டும். அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த வேலை. அங்கே இருந்த ஒரு பெரியவர் இவளைத் தவிர வேறு யாரிடமும் காலை நீட்ட மாட்டாராம்.

மலைதான் அவளுக்கு ஆகவில்லை. போன வருஷம் முதல் ஏற்றத்திலேயே உட்கார்ந்து அழுது, மன்றத்து ஜீப்பில் திரும்பி வந்தாள். தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் விசாரித்தார்கள். அம்மாவுக்கு அது பெரிய தலைகுனிவாகப் போயிற்று.

இந்த வருஷம் நால்வர் கொண்ட குழுவுக்கு நத்தையே தலைவி. மன்றத்து அண்ணன், அதாவது பிள்ளைகளை நடத்துகிற அந்த முப்பது வயதுப் பையன், ஒரு பிளாஸ்டிக் உறையும் சீல் வைக்க ஒரு ஒட்டுத்தாளும் கொடுத்தனுப்பியிருந்தான். குழுவுக்கு ஒரே ஒரு போன். அதை அணைத்து உறையில் போட்டு சீல் ஒட்டிவிட வேண்டும். ஆபத்து என்றால் மட்டும் கிழிக்கலாம், கிழித்தால் விருது போச்சு. புறப்படுகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் நத்தை அதை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அம்மா வேலையிலிருந்து வந்தாள்.

"இது என்னடி, தபால்தலை மாதிரி ஒரு துண்டு? மலையில மழை பெஞ்சா இது நிக்குமா?"

"அவ்ளோதாம்மா ஒட்டணும். அண்ணன் சொல்லிட்டாரு."

"உங்க அண்ணனுக்கு ஆளைக் கட்டி மேய்க்கத் தெரியும். பார்சல் கட்டத் தெரியுமா? குடு இப்படி."

மாமன் அன்றைக்கு வீட்டில் இருந்தான். கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகிற வேன் ஓட்டுகிறவன். ரொட்டியைப் பாலில் முக்கிக்கொண்டே வேடிக்கை பார்த்தான்.

"அக்கா, விட்டா நத்தையையும் சேத்துச் சுத்தி ஒட்டிருவ போலருக்கே. மேல விலாசத்தை மட்டும் எழுதிரு, நானே கொண்டுபோய் மலை உச்சியில இறக்கிட்டு வந்துர்றேன்."

"வாயை மூடிட்டு சாப்புடுறா."

சீல் ஒட்டின உறைக்கு மேல், அழுத்தினால் பட்டென்று வெடிக்கிற குமிழித்தாள். அதற்கு மேல் கிடங்கிலிருந்து கொண்டு வந்த நூலோடிய டேப். நீளவாட்டில், குறுக்குவாட்டில், மறுபடி மூலைக்கு மூலை. நுனி எங்கே முடிகிறது என்று தெரியாதபடி கட்டைவிரலால் தேய்த்து மழுக்கினாள். கண்ணாடிச் சாமானுக்கு அப்படித்தான் செய்வாள். நுனி தெரிந்தால் வழியில் எவனாவது நோண்டுவான்.

"இந்தா. ஆத்துல போட்டாலும் ஒரு சொட்டு உள்ள போகாது. இன்னொண்ணு சொல்றேன் கேட்டுக்க. இதைக் கிழிக்கிற வேலையே வரக்கூடாது. போன வருஷம் மாதிரி பாதியில வந்து நின்னே, இந்த வாசப்படியை மிதிக்காத."

நத்தை சரியென்று தலையாட்டினாள். அம்மா அதைப் பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள். மீதிப் பாதி என்ன என்று அவளைக் கேட்டால் அப்போது சொல்லியிருக்க மாட்டாள்.

பிள்ளைகள் மலையிறங்கி வந்து சேர்கிற நாளில் பெற்றவர்கள் அடிவாரத்தில் காத்திருப்பது மன்றத்து வழக்கம். கைதட்டி வரவேற்க வேண்டுமாம். வனக்காவலர்களின் தகரக் கொட்டகை ஒன்று அங்கே இருந்தது. இரண்டு பெஞ்சு, ஒரு ஸ்டவ், சுவரில் ஈரம் பட்டு உப்பின வரைபடம். மாமனின் வேனில் இவர்கள் போய் இறங்கியபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. நத்தையின் அப்பா ரொட்டி அடுமனையில் ராத்திரி அடுப்பு பார்க்கிறவர். தூக்கத்தை விட்டு வந்ததில் கண் இடுங்கியிருந்தது. ஒரு பை நிறைய பன் கொண்டு வந்திருந்தார். பிள்ளைகளுக்குப் பசிக்கும் என்று.

மலையைக் காணவில்லை. கொட்டகைக்குப் பின்னால் சில மரங்கள் வரைக்கும் தெரிந்தது, அதற்கப்புறம் எல்லாம் வெள்ளை. காலையில் இந்தப் பனிமூட்டம் இல்லை என்றார் ஸ்டவ் பக்கத்தில் நின்ற காவலர். எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை, ஊற்றி வைத்த மாதிரி வந்து நின்றுவிட்டது என்றார்.

குழுவிலேயே சின்னவளின் தாய் முன்னமே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தையல்காரி. புருஷன் இல்லை, இந்தப் பிள்ளை ஒன்றுதான். மற்ற இரண்டு பெண்களும் கூடப்பிறந்த அக்கா தங்கை. அந்த வீட்டார் வண்டி கிடைக்காமல் இன்னும் வந்து சேரவில்லை. தையல்காரி பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி நத்தையின் அம்மாவுக்குக் கொடுத்தாள்.

"உக்காரும்மா. உம் பொண்ணுதானே தலைவி? என் குட்டி வாய் ஓயாம அக்கா அக்காங்கறா. அந்த அக்கா இருக்கறதாலதான் நானும் அனுப்புனேன். இல்லன்னா இவளுக்கு ஒரு தும்மல் வந்தா எனக்கு ராத்தூக்கம் போயிரும்."

"அவ நல்லா பாத்துப்பாக்கா," என்றாள் இவள். டீ சூடாக இருந்தது. குடிக்கப் பிடிக்கவில்லை.

மன்றத்து அண்ணன் வரைபடத்துக்கு முன்னால் நின்று காவலரிடம் ஏதோ பேசிவிட்டு வந்தான். முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்திருந்தான்.

"பயப்பட ஒண்ணுமில்ல. காலையில கூடாரம் பிரிச்சுக் கிளம்பினப்ப நானே பாத்தேன், நாலு பேரும் ஜம்முனு இருந்தாங்க. நடுவுல ஒரு இடம், அங்க எங்க ஆளு ஒருத்தர் உக்காந்திருக்காரு. அதை இன்னும் தாண்டலை, அவ்ளோதான். மூட்டத்துல மெதுவா வராங்க."

"மெதுவான்னா எவ்ளோ மெதுவா தம்பி? இந்நேரம் இங்கயே வந்திருக்கணுமே?" என்றார் நத்தையின் அப்பா.

"வந்திருக்கணும்தான். ஆனா பாருங்க, ஏதாவது ஒண்ணுன்னா போன் பண்ணியிருப்பாங்க. சீலைக் கிழிச்சுப் பண்றதுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. அந்த மேட்டுல சிக்னலும் நல்லா கிடைக்கும். போன் வரலைன்னா பிள்ளைங்க நல்லா இருக்குன்னு அர்த்தம். இத்தனை வருஷமா எங்க கணக்கு அதுதான். நாம அவசரப்பட்டு ஆளை ஏவினா, நல்லா நடந்து வர்ற பிள்ளைங்களுக்கு விருது போயிரும். இன்னும் கொஞ்சம் பாப்போம்."

தையல்காரி பெருமூச்சு விட்டாள். "அதானே. போன்தான் கையில இருக்கே."

நத்தையின் அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள். நுனி தெரியாமல் தேய்த்த கட்டைவிரல் அவளுடையது. அந்த டேப்பை அறுக்கக் கிடங்கில் கொக்கிக் கத்தி உண்டு. கத்தி இல்லாமல் அவளாலேயே முடிந்ததில்லை. பிள்ளைகளிடம் கத்தி கிடையாது. மன்றத்தில் அதற்கு அனுமதி இல்லை.

புருஷனை ஜாடை காட்டி வெளியே அழைத்துப்போனாள். வேனுக்குப் பின்னால் மாமன் பீடியைப் பற்றவைக்க முடியாமல் குச்சி குச்சியாக வீணாக்கிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, அந்தப் போன் பொட்டலம்... அது பிரியாதுங்க."

"எது பிரியாது?"

"நான் கட்டிக் குடுத்தது. நூல் டேப்புங்க அது."

"சும்மா இரு. நாலு பிள்ளைங்க இருக்கு. பல்லால கடிச்சாவது பிச்சிருக்கும்."

அவள் தம்பியைப் பார்த்தாள். "டேய், வண்டியில டேப் வச்சிருப்பியே, நம்ம கிடங்கு டேப்பு? எடு."

மாமன் கேலி பேச வாயெடுத்தவன் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசாமல் எடுத்துக் கொடுத்தான். குமிழித்தாளும் இருந்தது. அவள் புருஷனின் போனை வாங்கினாள். வேனின் பின்பக்கத் தட்டில் வைத்து, அன்றைக்குச் சுற்றினது போலவே சுற்றினாள். நீளவாட்டில், குறுக்கே, மூலைக்கு மூலை. கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. பதற்றத்திலும் அந்தக் கை ஒரு சுற்றைக் குறைக்கவில்லை. முடித்ததும் அந்தக் கையின்மேல் அவளுக்கு வெறுப்பாக வந்தது.

பிறகு குழாயடியில் போய் இரண்டு கையையும் நனைத்துக்கொண்டு வந்தாள். மலையில் பிள்ளைகளின் கை நனைந்துதானே இருக்கும். நகத்தால் சுரண்டினாள். வழுக்கியது. குளிரில் விரல் நுனி மரத்து, டேப்பின் நுனி எங்கே இருக்கிறது என்று தடவினாலும் தெரியவில்லை.

"குடு," என்று புருஷன் வாங்கினார். அடுப்பில் வெந்து காய்த்த கை அது. இழுத்தார், முறுக்கினார், பல்லால் கடித்துத் தலையைத் திருப்பி இழுத்தார். டேப் பற்களில் நழுவி உதட்டைக் கிழித்தது. மாமன் வாங்கி முழங்காலில் வைத்து அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. மூன்று பெரிய ஆட்கள் ஒரு சின்னப் பொட்டலத்தோடு மூட்டத்தில் நின்றார்கள். கொட்டகைக்குள்ளிருந்து தையல்காரி யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது.

மாமன்தான் முதலில் வாய் திறந்தான். "அக்கா, அப்ப போன் வரலைன்னா..."

"ஒண்ணும் அர்த்தம் இல்லடா. வராது. எது நடந்தாலும் வராது."

"போய்ச் சொல்லு," என்றார் புருஷன். உதட்டில் ரத்தத்தைத் துடைத்தார்.

"எப்படிங்க சொல்வேன்? அந்த அக்கா அங்க உக்காந்திருக்கு. ஒத்தைப் பிள்ளைங்க அது."

"நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"கொஞ்சம் பொறுங்க. இப்பவே வந்துட்டாங்கன்னா?" என்றாள். சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை. மலைப்பக்கம் பார்த்தாள். முன்பு தெரிந்த மரங்களும் இப்போது இல்லை. அந்த வெள்ளைக்குள் எங்கோ தன் பிள்ளை உட்கார்ந்து பொட்டலத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்ததும் கால் தானாக நடந்தது.

கொட்டகைக்குள் போய், அழுதுவிடாமல், வேலையில் பிழையைச் சொல்வது போலச் சொன்னாள்.

"தம்பி, போனை நம்பி உக்காராதீங்க. அந்த உறைக்கு மேல நான் டேப் சுத்தி அனுப்பிட்டேன். நூல் டேப்பு. பிள்ளைங்களால பிரிக்க முடியாது. இப்பதான் வெளியில மூணு பேரும் பிரிச்சுப் பாத்தோம். முடியலை."

போன் சுற்றின பொட்டலத்தை நீட்டினாள். மன்றத்து அண்ணன் அதை வாங்கி ஒரு தரம் திருப்பிப் பார்த்தான். ஒட்டவைத்த சிரிப்பு போயே போய்விட்டது. காவலரைப் பார்த்து, "ஆளுங்களைக் கூப்பிடுங்க. ஆம்புலன்சுக்கும் சொல்லுங்க, இப்பவே," என்றான். பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி அவளிடமே நீட்டினான். அவனும் சின்னப் பையன்தானே.

தையல்காரி எழுந்து நின்றாள். "அப்ப என் பிள்ளை கூப்பிட்டிருக்குமா? கூப்பிடப் பாத்திருக்குமா?"

"தெரியலக்கா."

"எதுக்கும்மா சுத்துன? உன்னை யாரு சுத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா."

அதற்கு மேல் தையல்காரி கேட்கவில்லை. பிளாஸ்கை எடுத்துக்கொண்டு கொட்டகையின் மறுகோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். இரண்டு அறை விட்டிருந்தால் கூடத் தேவலாம் என்று நத்தையின் அம்மாவுக்கு இருந்தது.

காவலர்கள் கயிறும் கம்பளியும் எடுத்துக்கொண்டு மூட்டத்துக்குள் போனார்கள். கொஞ்ச தூரம் போனதுமே ஆள் மறைந்து, விசில் மட்டும் கேட்டது. ஊதுவார்கள், நிறுத்திக் காது கொடுப்பார்கள், மறுபடி ஊதுவார்கள். நத்தையின் அப்பா பன் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பன்னை எடுத்து, பிய்த்து, தின்னாமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். மாமன் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நடந்தான். வாய் ஓயாத ஆள் அவன். அவன் பேசாமல் இருப்பதே அவளை இன்னும் பயமுறுத்தியது.

"ஏதாவது பேசேன்டா," என்றாள்.

"என்ன பேசறதுக்கா," என்றான் அவன்.

விசில் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. காவலர்களின் விசில் இல்லை. மெலிந்து, விட்டு விட்டு வந்தது. மன்றத்து அண்ணன் வாசலுக்கு ஓடினான். "நம்ம பிள்ளைங்க! ஓடைப் பக்கம் எறங்கிட்டாங்க. பாதையை விட்டு வேற பக்கம் எறங்கிட்டாங்க!" என்று கத்திக்கொண்டே மூட்டத்துக்குள் ஓடினான்.

வெளிச்சம் மங்குவதற்குள் கொண்டு வந்துவிட்டார்கள். முதலில் அக்கா தங்கை இருவரும், ஒரே கம்பளிக்குள். பின்னால் ஒரு காவலரின் முதுகில் சின்னவள். அவள் தலை தொங்கியது. உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் மேல் இரண்டு குளிர் ஜாக்கெட்டுகள் இருந்தன. கடைசியாக நத்தை, குளிர் ஜாக்கெட் இல்லாமல், முழங்கால் வரைக்கும் சேறாக, வழக்கம் போல மெதுவாக வந்தாள்.

யாரும் கைதட்டவில்லை. தையல்காரி பாய்ந்து மகளை வாங்கிக்கொண்டு, வந்து காத்து நின்ற ஆம்புலன்சில் ஏறினாள். "உடம்பு ரொம்பச் சில்லிட்டுப் போயிருக்கு. கதவைச் சாத்துங்க, கதவைச் சாத்துங்க," என்று உள்ளே ஒருவர் கத்தினார். வண்டி போய்விட்டது.

அம்மா மகளை இழுத்துத் தன் புடவைக்குள் சுற்றிக்கொண்டாள். நத்தையின் வாயோரம் கிழிந்திருந்தது. விரல் நகங்களில் இரண்டு பெயர்ந்து ரத்தம் உறைந்திருந்தது.

"பிரியலைம்மா," என்றாள் நத்தை. பல் கிட்டிப் பேச்சு சரியாக வரவில்லை. "கல்லுல தேச்சுப் பாத்தோம். குமிழிதான் உடைஞ்சுது."

"பேசாத கண்ணு. சூடு ஏறட்டும்."

"இல்லம்மா, கேளு. மூட்டம் வந்தப்பவே குட்டி சொன்னா, போன் பண்ணலாம்க்கான்னு. அப்ப கை நல்லாத்தான் இருந்துச்சு. மழை கூட வரலை. நாந்தான் வேணாம்னேன். சீல் போச்சுன்னா விருது போயிரும்னேன். வாசப்படியை மிதிக்காதன்னு நீ சொன்னியா... அப்புறம் அவ ஓடையில விழுந்துட்டா. அப்புறம் பண்ணலாம்னா பிரியலை. அவளுக்கு ஏதாவது ஆயிட்டா என்னாலதானம்மா?"

"இல்லடி."

"நாந்தானம்மா தலைவி."

"நீ இல்லடி. நான். ஒட்டுனதும் நான், பயமுறுத்துனதும் நான். யாரு கேட்டாலும் அம்மான்னு சொல்லு. போலீசு கேட்டாலும் அம்மான்னு சொல்லு."

அக்கா தங்கையையும் ஏற்றிக்கொண்டு மாமன் வேனை எடுத்தான். அவ்வளவு வேகமாக அவன் ஓட்டி அவள் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார வைத்தார்கள். நத்தையின் விரல்களுக்குக் கட்டுப் போட்டு, குடிக்க வெந்நீர் கொடுத்துவிட்டுப் போனாள் நர்ஸ். சின்னவள் இருந்த அறையின் கதவு மூடியிருந்தது. மன்றத்து அண்ணன் வந்து நத்தையின் முன்னால் குந்தி உட்கார்ந்தான். "நீ நல்லாத்தான் பாத்துக்கிட்ட. உன் ஜாக்கெட்டையும் கழட்டிக் குடுத்திருக்க, எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சிருக்க. சீலும் உடையலை. வெள்ளி விருதுக்கு எழுதிடலாம்," என்றான். எதையாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று சொன்னான், பாவம். நத்தை அவனைப் பார்க்கவேயில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்து தையல்காரி வெளியே வந்தாள். நத்தையின் அம்மா எழுந்து கிட்டே போனாள். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளும் துணிச்சலில் போனாள்.

"அக்கா..."

"சூடு ஏறிருச்சு," என்றாள் தையல்காரி. "கண்ணு முழிச்சு பால் கேட்டா."

நத்தையின் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அங்க வாயைத் திறந்ததாலதான் எம் பிள்ளை கிடைச்சிருக்கு. எனக்கு அது தெரியுது," என்றாள் தையல்காரி. அமைதியாகத்தான் சொன்னாள். "ஆனா உன் முகத்தைப் பாக்க என்னால முடியலம்மா. திட்டறதுக்கும் தெம்பில்ல. உம் பொண்ணு வேணா வரட்டும், குட்டி கேக்குறா. நீ வராத."

"சரிக்கா," என்றாள் இவள். கும்பிட எடுத்த கையைப் பாதியில் இறக்கிக்கொண்டாள்.

தையல்காரி உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. இவள் திரும்பி வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா சொன்னாங்க?"

"பால் கேட்டாளாம்."

"வேற?"

"உன்னைக் கேக்குறாளாம். போ."

"நீயும் வாயேன்ம்மா. எனக்குத் தனியா போகப் பயமா இருக்கு."

"நான் இங்கதான் இருப்பேன். நீ போ. மெதுவாவே போ," என்றாள்.

நத்தை எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவள் போகும் வரை பார்த்திருந்துவிட்டு அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். புருஷன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பொழைச்சிருச்சுல்ல, அப்புறம் என்ன?" என்றார். பிறகு அவருக்கும் முடியவில்லை.